பேதிக்கு எதற்கு முனைவர் பட்டம்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான்கு வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் ஒரே மகள் பிளஸ் டூவில் உயிரியலில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். டாக்டராவாள், இல்லையென்றால் விஞ்ஞானியாவாள் என்று நினைத்திருந்தேன். அவள் சமூகவியல் எடுத்தாள். இப்போது முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டில் முதலில் என்ன கொடுக்கிறார்கள், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பது தலைப்பு. நோட்டும் கையுமாக வெயிலில் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் அவள் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் தலைப்புகள் அச்சிட்ட ஒரு மலரைப் புரட்டிப் பார்த்தேன். ஒருவர் எலியின் குடலில் ஒரு புரதத்தை ஆராய்கிறார். ஒருவர் குளத்துச் சேற்றில் உள்ள பாக்டீரியாவை. ஒருவர் முதியோர் உதவித்தொகையை. இன்னொருவர் ரேஷன் கடை வரிசையை. எதற்கு ஐயா இத்தனை? எல்லாம் மக்கள் வரிப்பணம்தானே? உருப்படியாக ஒன்றிரண்டு துறைகளை எடுத்து முழுமூச்சாக இறங்கினால் நாடு முன்னேறாதா? பேதிக்கு மருந்து டாக்டர் கொடுக்கப்போகிறார். என் மகள் கேட்கிற கேள்விக்கு என் அம்மாவைக் கேட்டால் அஞ்சு நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுவாள். உப்புக் கஞ்சி கொடு என்பாள், அவ்வளவுதான். (அது சரியா தப்பா என்பதையும் முடிந்தால் எழுதுங்கள்.) சொந்தக்காரர்கள் “பொண்ணு என்ன ஆராய்ச்சி பண்றா?” என்று கேட்டால் வாய் வரமாட்டேன் என்கிறது.

அன்புடன்,
கே., திருச்சி

அன்புள்ள கே. அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளைக் குறைசொல்ல எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. வெயிலில் அலைகிறாளே என்ற கவலைதான் அதில் அதிகம் தெரிந்தது. நீங்கள் கேட்டது எல்லாத் துறைகளையும் பற்றி. நான் உங்கள் மகள் எடுத்துக்கொண்ட அந்த ஒரு விஷயத்தை வைத்தே பதில் சொல்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது என் தம்பிக்கு ஒன்றரை வயது. ஒரு சித்திரை மாதம் அவனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பாட்டி சொன்னார்: “தண்ணி குடுக்காதடி, குடுக்கக் குடுக்கப் போகும்.” அம்மா கொடுக்கவில்லை. பாட்டி ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். அவர் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. இரண்டாம் நாள் தம்பியின் கண்கள் உள்ளே போய்விட்டன. அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. பஸ் பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஒரு நர்ஸம்மா அவன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிவிட்டு விட்டார். தோல் உடனே படியவில்லை, மெதுவாகத்தான் இறங்கியது. ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கொட்டிக் கலக்கி, ஓர் அலுமினியத் தம்ளரையும் ஸ்பூனையும் அம்மா கையில் கொடுத்தார். “குடிக்கிறான்ல, அப்ப ஊசி வேணாம். ஸ்பூன் ஸ்பூனாக் குடு. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறு, மறுபடி ஆரம்பி. நிறுத்தாத.” ராத்திரி முழுக்க அம்மா கொடுத்துக்கொண்டே இருந்தார். விடியும் நேரத்தில் தம்பி அம்மாவின் மடியிலேயே சிறுநீர் கழித்தான். ஈரப் புடவையோடு அம்மா அழுதது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

ஓ.ஆர்.எஸ். என்று இன்று எல்லோரும் சொல்கிற அந்தப் பாக்கெட்டில் இருந்தது உப்பும் குளுக்கோஸும் இன்னும் இரண்டு சாதாரணப் பொருளும்தான். அது அந்த நர்ஸம்மாவின் கைக்கு வருவதற்கு எத்தனை பேர், எத்தனை துறைகளில், ஒருவரை ஒருவர் அறியாமல் உழைத்திருக்கிறார்கள் என்பதைப் பிற்காலத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முயலிலிருந்து ஆரம்பிக்கிறேன். வாந்திபேதி, அதாவது காலரா, வந்தால் குடலின் உட்சுவரே உரிந்துபோகிறது என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். சுவரே போன பிறகு வாய்வழியாக எதைக் கொடுத்து என்ன பிரயோஜனம்? நரம்பில் ஏற்றினால்தான் உண்டு என்பது முடிவு. கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற நோயியல் பேராசிரியர், முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டி, அந்தப் பைக்குள் காலராக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். பை நீரால் உப்பியது. இது 1953-இல். பிறகு கிருமியை முழுக்க வடிகட்டி நீக்கிவிட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது. 1959-இல் அதை எழுதினார். அதாவது கிருமி வெளியேற்றுகிற ஒரு நச்சுதான் குடலிலிருந்து தண்ணீரை இறைத்துக் கொட்ட வைக்கிறது. தாய்லாந்தில் நோயாளிகளின் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தவர்களும் சுவர் அப்படியே இருப்பதைக் கண்டார்கள். சுவர் இருக்கிறது என்றால் வாய்வழியாகக் கொடுப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. தே 1985-இல் காலமானார். நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபலுக்கே பரிந்துரைத்தார். நம் நாட்டில் அவர் வாழ்ந்த காலத்தில் அவருக்குப் பெரிய கௌரவம் எதுவும் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அடுத்தவர் ராபர்ட் கிரேன். அமெரிக்க உயிர்வேதியியலாளர். இவருக்குக் காலராவோடு சம்பந்தமே இல்லை. சர்க்கரை குடலின் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்பது ஒன்றுதான் அவருடைய கேள்வி. நீங்கள் மலரில் பார்த்த எலிக் குடல் புரதம் மாதிரிதான், அவர் வெள்ளெலியின் குடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1960 ஆகஸ்டில் பிராக் நகரத்தில் ஒரு கருத்தரங்கில் தன் விளக்கத்தை வைத்தார். குடலின் செல்லில் ஒரு வாசல் இருக்கிறது. அதில் குளுக்கோஸ் தனியாகப் போக முடியாது, சோடியத்தோடு ஜோடி சேர்ந்தால்தான் உள்ளே போகும். அவை இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவின் நச்சு வேறு வாசல்களைத் திறந்துவிட்டுத் தண்ணீரை வெளியே கொட்ட வைக்கிறதே தவிர, இந்த வாசலைத் தொடுவதில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் உடம்பில் தங்காது, வெறும் உப்புத் தண்ணீரும் தங்காது, உப்போடு கொஞ்சம் சர்க்கரை சேர்ந்தால் தங்கும் என்பதன் காரணம் இந்த வாசல்தான். 1978-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று தலையங்கத்தில் எழுதியது. எழுதும்போது அது குறிப்பிட்டது மருந்தை இல்லை, குடலில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து போகின்றன என்ற அந்தக் கண்டுபிடிப்பைத்தான்.

இங்கே ஒரு விஷயம். இந்த வாசலை அடைக்கிற புளோரிசின் என்ற பொருளை கிரேன் தன் விளக்கத்தில் பயன்படுத்தியிருந்தார். அது ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வாசல் சிறுநீரகத்தில் இருக்கிறது. அதை அடைத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரைகளை இன்று சர்க்கரை நோயாளிகள் சாப்பிடுகிறார்கள். டாபாகிளிஃப்ளோசின் என்று உங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கொடுப்பார்கள். மரப்பட்டையை ஆராய்ந்தவருக்கு இது தெரியுமா? தெரிந்திருக்க வழியே இல்லை.

சரி, அறிவியல் கிடைத்துவிட்டது. உடனே உயிர் பிழைத்தார்களா? இல்லை. 1962-இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் வாய்வழிக் கரைசலைச் சோதித்தார். கரைசல் மிகவும் அடர்த்தியாக இருந்தது. நோயாளிகள் சிலர் இறந்துபோனார்கள். அவர் அதிலிருந்து மீள வெகுகாலம் ஆயிற்று. பிறகு அவரே தலைமை தாங்கிய டாக்கா காலரா ஆய்வகத்தில்தான், 1968-இல், டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்களும் ரஃபிகுல் இஸ்லாம், மஜித் மொல்லா ஆகிய வங்காள மருத்துவர்களும் சேர்ந்து சரியான வழியைக் கண்டார்கள். காலரா வார்டில் நடுவில் ஓட்டை போட்ட கட்டில் உண்டு, கீழே வாளி இருக்கும். வாளியில் எவ்வளவு விழுகிறது என்று அளந்து, அதே அளவு கரைசலைக் குடிக்க வைத்தார்கள். ஏற்ற வேண்டிய பாட்டில் தண்ணீரின் தேவை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

அப்புறம் 1971. கிழக்கு வங்காளத்திலிருந்து சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர பொங்காவ் மருத்துவமனையில் இரண்டு அறைகள் நிறையக் காலரா நோயாளிகள். ஜூன் மாதக் கடைசியில் அங்கே போய்ச் சேர்ந்தவர் திலீப் மஹலனபிஸ் என்ற குழந்தை மருத்துவர். கட்டில் போதாமல் தரையெல்லாம் ஆட்கள். ஊசி போட வேண்டுமென்றால் மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் போட வேண்டும். பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் அவர்கள் ஆய்வு மையத்தின் நூலக அறையில் எடைபோட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி அனுப்பினார்கள். முகாமில் டிரம்மில் கரைத்து வைத்தார்கள். டாக்டர், நர்ஸ் யாரும் கொடுக்கவில்லை. கொடுத்தது அம்மாக்களும் அண்ணன்களும் பாட்டிகளும். 3,700 பேருக்கு மேல் குடித்தார்கள். அதுவரை நூற்றுக்கு 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. இதைப் பற்றிய கட்டுரை 1973-இல்தான் வெளியானது. அவர் 2022-இல் காலமான பிறகு, 2023-இல் பத்மவிபூஷண் அறிவித்தார்கள்.

உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இனிமேல்தான் வருகிறது. விஞ்ஞானமும் முடிந்தது, மருத்துவமும் முடிந்தது. பாக்கெட்டை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 1980 வாக்கில் உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 45 லட்சம் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏன்? பாக்கெட் கிடைக்கிற ஊரிலேயே செத்தார்கள். என் தம்பி கிடந்த மாதிரியே, தண்ணீர் கொடுக்காமல் இரண்டு நாள் கிடந்து.

பங்களாதேஷில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் இந்த வேலையைக் கையில் எடுத்தது. அதை நடத்தியவர் ஃபஸ்லே ஹசன் அபேத். பாக்கெட் போய்ச் சேராத கிராமங்களுக்கு வீட்டுச் சாமானை வைத்தே வழி சொன்னார்கள். மூன்று விரல் சேர்த்துக் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர். கிள்ளுகிற உப்பு ஆளுக்கு ஆள் மாறாதா? மாறும். அதனால் வெவ்வேறு பெண்கள் கிள்ளிய உப்பை ஆய்வகத்தில் அளந்து பார்த்துத்தான் அந்த அளவுக்கு வந்தார்கள். 1980 தொடங்கி பத்து வருடத்தில், பெண் ஊழியர்கள் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் ஏறி இறங்கினார்கள். அடுப்படியில் உட்கார்ந்து அந்த அம்மாவையே கலக்கச் சொல்லிக் காட்டினார்கள். ஒரு மாதம் கழித்து வேறொருவர் வந்து, குலுக்கல் மாதிரி சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, என்ன நினைவிருக்கிறது என்று கேட்பார், கலக்கச் சொல்லிக் கரைசலை எடுத்துப்போய்ச் சோதிப்பார். அம்மாக்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்கேற்பத்தான் ஊழியருக்குச் சம்பளம். இப்படி ஒரு சம்பள முறையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் வீட்டில் பேதி வந்தபோது கலக்கிக் கொடுத்தவர்கள் ஆரம்பத்தில் பத்தில் ஒருவர்கூட இல்லை! என்ன தப்பு? குடல் ஆராய்ச்சியாளரால் சொல்ல முடியுமா? டாக்டரால்? போய் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். கேட்டார்கள். கற்றுக்கொடுக்கப் போன ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரைதான் தேடினார்கள். அவர்களை டாக்காவுக்கு வரவழைத்து, கரைசல் ஏன் வேலை செய்கிறது என்று ஆய்வகத்தில் விளக்கினார்கள். மனப்பாடம் செய்ததைச் சொல்வதும் புரிந்ததைச் சொல்வதும் ஒன்றில்லையே. அடுத்தது, ஆண்களிடம் யாரும் பேசவே இல்லை. பொண்டாட்டி ஏதோ வெல்லத் தண்ணீர் கலக்குகிறாள், கடையில் மருந்து வாங்க வேண்டியதுதானே என்று புருஷன் சொன்னால் அதோடு முடிந்தது. அதனால் சந்தையிலும் மசூதியிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள்.

இன்னொன்று கண்டுபிடித்தார்கள், அதுதான் என்னை அசத்தியது. நாம் ‘வயிற்றுப்போக்கு’ என்று ஒரே பெயரில் சொல்வதற்கு அந்தக் கிராமத்து அம்மாக்களிடம் நான்கு பெயர் இருந்தது. பால்குடிக் குழந்தைக்கு வருவது ஒன்று. செரிக்காமல் வருவது ஒன்று. சீதத்தோடு போவது ஒன்று. தண்ணீராகக் கொட்டி ஆளைச் சாய்ப்பது ஒன்று, இந்தக் கடைசியைத்தான் அவர்கள் ‘டைரியா’ என்றார்கள். ஊழியர் வந்து “டைரியாவுக்கு இதைக் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாக்கள் அப்படியேதான் செய்தார்கள். மற்ற மூன்றுக்கும் கொடுக்கவில்லை, ஏனென்றால் அவை டைரியா இல்லை. அவர்கள் சொன்னதைக் கேட்காமல் இருந்துவிடவில்லை, சொன்னபடியேதான் நடந்தார்கள். சொன்னவர்களுக்குத்தான் ஊர்ச் சொல் தெரியவில்லை.

நம்மிடம் பேதி, கழிச்சல், சீதபேதி, வாந்திபேதி, மாந்தம், பல்முளைக் கழிச்சல் என்று எத்தனை பெயர்! பல் முளைக்கும்போது போனால் பரவாயில்லை, தானாக நின்றுவிடும் என்று எத்தனை வீட்டில் விட்டுவிடுகிறார்கள்! உங்கள் மகளின் நோட்டில் இந்தப் பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். அவள் கேட்கிற ‘யார் முடிவு செய்கிறார்கள்’ என்ற கேள்வி இருக்கிறதே, எங்கள் வீட்டில் அதற்குப் பதில் பாட்டி. அம்மாவுக்கு ஆயிரம் விளம்பரம் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தது 100-க்குச் சுமார் 61 பேருக்குத்தான். மிச்சம் 39? இதைப் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் எடுத்துக்கொண்டார்கள். கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000-க்கு மேற்பட்ட தனியார் மருத்துவர்களிடமும் மருந்து கொடுப்பவர்களிடமும், பயிற்சி பெற்ற நடிகர்களை இரண்டு வயதுக் குழந்தையின் அப்பா மாதிரி அனுப்பினார்கள். ஏன் எழுதித் தருவதில்லை? மூன்று காரணம் இருக்கலாம். கையில் சரக்கு இல்லை. மற்ற மருந்தில்தான் லாபம். இல்லையென்றால், வருகிறவருக்கு இது பிடிக்காது, நல்ல மருந்தாகக் கேட்பார் என்ற நினைப்பு. எனக்கு இரண்டாவதுதான் காரணம் என்று தோன்றியிருக்கும், உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். ‘சயின்ஸ்’ இதழில் 2024-இல் வந்த முடிவு வேறு. எழுதித் தராததில் 42 சதவீதம் அந்த நினைப்பால் வருவது. சரக்கு இல்லாததால் 6, லாபத்தால் 5. வந்தவர் தானே ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று காட்டிக்கொண்டால், எழுதித் தருவது 28 சதவீதத்திலிருந்து 55-க்கு ஏறியது. அதாவது டாக்டர், நோயாளிக்குப் பிடிக்காது என்று நினைக்கிறார். நோயாளி, டாக்டர் தராததால் அது பெரிய மருந்தில்லை என்று நினைக்கிறார். நடுவில் குழந்தை வாடுகிறது. “பேதிக்கு மருந்து டாக்டர் கொடுப்பார்” என்று எழுதியிருந்தீர்கள். கொடுப்பதில்லை ஐயா, பாதி நேரம்.

கொள்கைப் பக்கமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு அண்ணன் பேரனுக்காக மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். கேட்டேன். அட்டைப் பெட்டியில் அடைத்த, ஸ்ட்ரா ஒட்டிய ஒரு பழச்சுவை பானத்தை நீட்டினார்கள். பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்று பெரிதாகப் போட்டிருந்தது. பின்னால் திருப்பிப் படித்தால் சர்க்கரை தேவையைவிடப் பல மடங்கு. சர்க்கரை அதிகமானால் அது குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதி கூடும். அடர்த்தி கூடினால் ஆபத்து என்பது மணிலாவிலேயே உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம். திருப்பிக் கொடுத்துவிட்டு, தூளாக வருகிற 20.5 கிராம் பாக்கெட்டைத்தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். ஹைதராபாதைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர் வருடக்கணக்கில் விடாமல் போராடியதால், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட பானங்களில் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. லேபிளில் மூன்று எழுத்து இருக்கலாமா கூடாதா என்பதும் ஒரு குழந்தையின் உயிர் விஷயம். அதற்குச் சட்டம் தெரிந்தவரும் வேண்டும்.

ஒன்றிரண்டு துறைகளில் மட்டும் முழுமூச்சாக இறங்கக்கூடாதா என்று கேட்டீர்கள். எதை நிறுத்தலாம், நீங்களே சொல்லுங்கள். 1959-இல் நிதி கொடுக்கிற அதிகாரியாக நாம் இருந்தால் வெள்ளெலியை நிறுத்தியிருப்போம், காலராவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று. 1980-இல் இருந்தால், பாக்கெட்தான் வந்துவிட்டதே, அம்மாக்களிடம் போய் என்ன கேட்பது என்று அதை நிறுத்தியிருப்போம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்குச் சாவு இன்று ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் கீழே வந்திருக்கிறது. நல்ல குடிநீர், கழிப்பறை, தடுப்பூசி எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது, அவை ஒவ்வொன்றுக்கும் இதே மாதிரி ஒரு நீண்ட வரிசை ஆட்கள் இருக்கிறார்கள்.

எல்லா ஆய்வும் உசத்தி என்று சொல்ல வரவில்லை. பட்டத்துக்காகப் பழைய ஏட்டைப் பெயர்த்து எழுதுவது நடக்கிறது, அது எனக்கும் கோபம்தான். அந்தக் கோபத்தைச் செய்கிற விதத்தின் மேல் காட்ட வேண்டும், தலைப்பின் மேல் காட்டக்கூடாது. அதைவிட எனக்குப் பெரிய குறையாகப் படுவது, ஒரே வளாகத்தில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்பது. அந்த மலரில் எலிக் குடல் புரதத்தை ஆராய்கிறார் என்றீர்களே, உங்கள் மகள் அவரைப் போய்ப் பார்த்திருக்கிறாளா? பார்க்கச் சொல்லுங்கள். குளத்துச் சேற்றுப் பாக்டீரியாக்காரரையும்தான். அந்தக் குளத்துத் தண்ணீரை அள்ளுகிற வீடுகளுக்குத்தானே இவள் போகிறாள்? சொந்தக்காரர்கள் கேட்டால், “வீட்டில இருக்கிற உப்புத் தண்ணி குழந்தை வாய்க்கு ஏன் போகலைன்னு கண்டுபிடிக்கிறா” என்று சொல்லிப் பாருங்கள். யாருக்கும் புரியும்.

கடைசியாக, உங்கள் அம்மாவின் உப்புக் கஞ்சி. அம்மா சொன்னது பெரும்பாலும் சரி. அரிசி மாவுச்சத்து குடலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குளுக்கோஸாக உடையும், அதனால் சர்க்கரை மாதிரி திடுமென்று தண்ணீரை இழுக்காது. அதே சமயம் கிரேன் சொன்ன அந்த வாசலுக்குத் தேவையான குளுக்கோஸும் கிடைக்கும். காலராவில் அரிசிக் கரைசல் நன்றாக வேலை செய்வதை டாக்காவில் மொல்லா குழுவினர் காட்டினார்கள். நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்ஸோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலங்கள், பெருங்குடலும் உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சும்படி செய்கின்றன. போக்கு குறைந்தது, சீக்கிரம் நின்றது. 2000-இல் அந்தக் கட்டுரை வந்தது. சிறுகுடலை மட்டுமே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது பெருங்குடலைப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஆனால் கவனம். ஒரு லிட்டர் கஞ்சித் தண்ணீருக்குச் சுமார் 3 கிராம் உப்பு, அதாவது தலை தட்டிய அரை டீஸ்பூன். அதற்கு மேல் போடக்கூடாது. பால்குடிக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழிந்திருந்தால், தாகம் அதிகமாக இருந்தால், சிறுநீர் குறைந்தால் கஞ்சி போதாது, பாக்கெட்தான். 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டரில் ஒரேயடியாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாகப் பிரிக்கக்கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கூடவே டாக்டரிடம் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் கேளுங்கள். குழந்தை துவண்டு குடிக்க முடியாமல் போனாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

உங்கள் அம்மா எத்தனை தம்ளர் கஞ்சிக்கு எவ்வளவு உப்பு போட்டார்கள், கிள்ளிப் போட்டார்களா அள்ளிப் போட்டார்களா, யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது, தண்ணீர் கொடுக்காதே என்று வீட்டில் யாராவது தடுத்தார்களா? ஒரு நாள் சாயங்காலம் மகளை நோட்டோடு அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அஞ்சு நிமிஷத்தில் முடியாது.

அன்புடன்.